பேணிக்குள் வைத்த போன்

பெரியகல்லாற்றில் ஒரு பெண்ணுக்கு இரட்டைக் கரு கலைந்துவிட்டதாம். கைத்தொலைபேசியைச் சட்டைக்குள் செருகி வைத்திருந்ததுதான் காரணமாம். கல்முனை பஸ்ஸில் கண்டக்டர் சொன்னதை மீன்காரி ஒருத்தி கேட்டு, களுவாஞ்சிகுடிச் சந்தையில் என் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா அதை எனக்குச் சொன்னது ஏப்ரல் கடைசியில், சுவிட்சர்லாந்தில் நான் வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்து நின்றபோது.

"ஆரக்கா அந்தப் பொம்பள?"

"தேடிப் போய்ப் பாத்தன்டா. கரு கலைஞ்சது மெய்தான். ஆனா ரெண்டு இல்ல, ஒண்டு. அவளுக்கிட்ட போனே இல்ல."

"மறுகா என்ன?"

"மறுகா என்னவா? என்ட கிளினிக்குக்கு வாற முப்பத்தாறு பேரும் போனைக் கண்டா பாம்பைக் கண்ட மாதிரி ஓடுறாளுகள். அதான் என்ன."

அக்காவின் பெயர் சீதேவிப்பிள்ளை. மண்டூர்ப் பக்கத்தில் அரசாங்க மருத்துவமாது. பெயர் சொல்லி அவளைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவள் மிஸி. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். பிரஷர் பார்க்கும் கருவியையும் குழந்தை நிறுக்கும் தராசையும் ஸ்கூட்டியின் முன்னால் கட்டிக்கொண்டு, வயல்வரம்பு முடிகிற இடம்வரை போவாள். அங்கிருந்து நடப்பாள். போனில் பேசுகிறபோது அதைக் காதில் வைக்கமாட்டாள். பணியாரம் கடிக்கப் போகிறவள் போல வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தம் போடுவாள். வாவிக்கு அக்கரையில் இருப்பவனுக்குப் போன் இல்லாமலே கேட்கும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

ஆனால் போனின் அருமை அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. 2007 வரை வாவியின் மேற்குக் கரையில் போன் என்ற பேச்சே இல்லை. பிள்ளை பெறும் நோவு வந்தால் புருஷன் சைக்கிளில் வந்து படலையில் நின்று கூப்பிடவேண்டும். இடையில் சோதனைச் சாவடிகள். அவள் போய்ச் சேருகிறபோது சில வீடுகளில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். சில வீடுகளில் பெரியவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். 2008இல் வயலோரத்தில் டவர் ஒன்று எழும்பியது. அன்றைக்கே அவள் தன் இலக்கத்தை ஒவ்வொரு தாயின் கிளினிக் கொப்பியிலும் சிவப்புப் பேனையால் எழுதினாள்.

"ஒரு டவர் அஞ்சு மிஸிக்குச் சமன்டா" என்றாள் எனக்கு.

அந்த முப்பத்தாறு பேரும்தான் இப்போது போனை அணைத்து, பெற்றியையும் கழற்றி வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் அக்காவுக்குப் பெரிய கவலை.

நிருஷா. பெரியகல்லாற்றுக்காரி. 2004இல் கடல் வந்த காலையில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பத்து மணிக்கு ஒருவரும் இல்லை. அக்கா அந்த நாட்களில் பள்ளிக்கூட முகாமில் வேலை செய்தாள். மூன்று நாள் நிருஷாவைத் தன் பாயிலேயே படுக்க வைத்திருந்தாள். பிறகு நிருஷாவும் புருஷன் ரதீஸும் கடல் இரைவது கேட்காத இடமாகப் பார்த்து, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போய்விட்டார்கள். வயல்வட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வீடு. மூன்று வருடம் ஒன்றும் தரிக்கவில்லை. நான்காவது வருடம் தரித்தது. இப்போது முப்பத்துநாலு கிழமை.

போன கிழமை பிரஷர் கொஞ்சம் கூடியிருந்தது. காலும் வீங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் போனை அரிசிச் சாக்குக்குள் புதைத்து வைத்திருந்தாள். ரதீஸ் மேசன் வேலைக்கு அம்பாறைக்குப் போய்விட்டான். கிழமைக்கு ஒருதரம்தான் வருவான்.

"மிஸி, ரெண்டைக் கடலுக்குக் குடுத்திட்டன். இதைப் போனுக்குக் குடுக்க என்னால ஒண்ணா" என்று சொன்னாளாம்.

அக்காவுக்கு அதற்குமேல் அவளை அதட்ட மனம் வரவில்லை. எனக்கு எடுத்தாள்.

"நீ படிச்சவன்தானே. மெய்யா பொய்யா, ஒண்டைச் சொல்லு."

நான் தேடினேன். இரண்டு மொழியில் படித்தவன் என்பதால் இரண்டு மொழியிலும் பயப்பட முடிந்தது. ஒரு இடத்தில் ஒன்றும் செய்யாது என்று இருந்தது. இன்னொரு இடத்தில் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்று இருந்தது. மூன்றாவது இடத்தில் இரண்டு போனுக்கு நடுவில் வைத்த முட்டை அவிந்த கதை இருந்தது. கடைசியில் எனக்குப் புரிந்ததை அவளுக்குச் சொன்னேன். போன் அனுப்புவது ரேடியோ அலை. ஊர் ரேடியோப் பெட்டிக்கு வருகிற அதே சாதி. எக்ஸ்ரே போல உடம்புக்குள் புகுந்து உயிரணுவை உடைக்கிற பலம் அதற்கு இல்லை. அளவுக்கு மிஞ்சினால் சதையைச் சூடாக்கும். போன் அந்த அளவுக்கு எட்டாது. எதற்கும் உடம்பிலிருந்து தள்ளி வைத்தால் நல்லது. ஒரு முழம் தள்ளினாலே வெகுவாகக் குறைந்துவிடும். இவ்வளவும் சொல்லிவிட்டு, சும்மா இருக்கமாட்டாமல், "தகரத்தை அது ஊடுருவாது" என்றும் சொன்னேன்.

நான் சொன்ன இவ்வளவிலும் அக்காவின் காதில் தங்கியது அந்தக் கடைசி வரி.

செவ்வாய்க்கிழமை அவள் நிருஷாவிடம் ஒரு பிஸ்கட் பேணியோடு போனாள். தகரப் பேணி, இறுக்கமான தகர மூடி. போனை அணைக்காமல் பேணிக்குள் வைத்து, முற்றத்து முருங்கையில் ஒரு பனையோலை உமல் பையில் தொங்கவிடச் சொன்னாள். பரிசோதனைக்கு இரத்தமும் சலமும் எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு ஒப்பந்தம் செய்தாள்.

"ரிசல்ட் திங்கக்கிழமை வரும். அதில பிழை எண்டா மட்டும் நான் மிஸ்ட் கோல் ஒண்டு தருவன். நீ போனைத் தொடத் தேவையில்ல, காதில வைக்கத் தேவையில்ல. பதில் பேசவும் வேணாம். சத்தம் கேட்டா உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நேரா துறைக்கு வா. கேக்காட்டி எல்லாம் சுகம், வீட்டுல படு."

எங்கள் ஊரில் மிஸ்ட் கோல் பாதிப் பாஷை. ஒன்று அடித்தால் வந்து சேர்ந்தேன், இரண்டு அடித்தால் நீ எடு, மூன்று அடித்தால் சாமான் முடிந்தது. காசும் போகாது, பேச்சும் மிச்சம். நிருஷாவுக்கு அது பிடித்துவிட்டது. ஐந்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள் என்று அக்கா சொன்னாள். அந்த ஒழுங்கையில் இருந்த மற்ற இரண்டு கர்ப்பிணிகளுக்கும் அதே வைத்தியத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். முன்வீட்டு இளையதம்பி மருமகளுக்காகத் தன் போனையும் பேணிக்குள் போட்டுவிட்டாராம்.

"கெட்டிக்காரி அக்கா" என்று நான் சொன்னேன். நல்ல ஞாபகம் இருக்கிறது.

இன்று திங்கட்கிழமை. 2009 மே மாதம் பதினெட்டு. வடக்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்று காலையிலிருந்து சொல்கிறார்கள். இங்கே நம் ஆட்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். நானும் போயிருக்கவேண்டும். சப்பாத்தைப் போட்டுவிட்டுக் கதவடியில் நின்றபோது அக்கா எடுத்தாள். அங்கே பத்தரை மணி.

"ரிசல்ட் வந்திட்டுதுடா. சலத்தில புரதம் மூண்டு பிளஸ். டொக்டர் இண்டைக்கே ஆஸ்பத்திரியில போடச் சொல்றார். வச்சிருந்தா வலிப்பு வருமாம். வலிப்பு வந்தா தாயும் புள்ளையும்..."

"மிஸ்ட் கோல் குடுத்தியா?"

"குடுக்கிறன், குடுக்கிறன். மணி அடிக்குதில்ல. ஒருத்தி மூண்டு பாஷையிலயும் தொடர்புகொள்ள ஏலா எண்டு படிக்கிறாள்."

அக்கா அப்போது வாவிக்குக் கிழக்கே, களுவாஞ்சிகுடியில் மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். நாடு முழுவதும் எல்லாரும் எல்லாருக்கும் எடுக்கிற நாள். நெரிசலாக இருக்கும் என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போனாள். அங்கிருந்து பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறினால் அக்கரை மண்டூர். போகிற வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி நிருஷாவுக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள்.

துறையில் பாதை ஓடவில்லை. சாவடியில் ஆமிக்காரர் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்குப் பிறகுதான் பாதை விடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இருபது முப்பது பேர் வெயிலில் நின்றார்கள், ஒருவரும் பேசவில்லையாம். அந்தக் கூட்டத்தில் பஸ்லான் நின்றான். ஏறாவூர்ப் பொடியன் என்று அக்கா சொல்வாள். முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன். டவர்களைப் பழுதுபார்க்கிற வேலை. அக்கா அவனைக் கண்டதும் பாய்ந்துவிட்டாள்.

"டேய் பஸ்லான், உன்ட டவர் செத்துப்போச்சா?"

"டவர் நல்லா இரிக்கி மிஸி. நிண்டா எனக்கு மெசேஜ் வரும். வரல்ல."

"அப்ப ஏன் நிருஷாட போனுக்கு அடிபடுதில்ல? முன்வீட்டு இளையதம்பிட போனும் அதே கதை. பின்வீட்டுக்கும் அதே கதை. ஒழுங்கையடிக் கடை நம்பர் எந்நேரமும் பிஸி."

"ஓஃப் பண்ணி வெச்சிரிப்பாங்க."

"இல்ல. ஓஃப் பண்ணவேணாம் எண்டு நான்தானே சொன்னன். பேணிக்குள்ள வைக்கச் சொன்னன்."

பஸ்லான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "என்ன பேணி?"

"பிஸ்கட் பேணி."

"மூடி பிளாஸ்டிக்கா, தகரமா?"

"தகரம்."

அவன் அவள் கைப்பையிலிருந்த சோற்றுப் பெட்டியைக் கேட்டான். மூடிக்குப் பூட்டுப் போடுகிற சில்வர் பெட்டி. சோற்றை ஒரு வாழை இலையில் கொட்டினான். தன் போனை உள்ளே வைத்துப் பூட்டினான். "இப்ப அடிங்க மிஸி."

அக்கா அடித்தாள். சுற்றி நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். பெட்டி சும்மா இருந்தது. அக்காவின் போனில் அந்தப் பெண் மூன்று மொழியிலும் படித்தாள்.

"டவர் கூப்பிடுறது வெளிச்சம் மாதிரி மிஸி. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். 'இந்த நம்பர்க்காரன் எங்க இரிக்காய்' எண்டு அது கேக்கும். போன் 'இஞ்ச இரிக்கன்' எண்டு சொல்லணும். சொன்னாத்தான் மணி அடிக்கும். தகரத்துக்குள்ள கேள்வியும் போகா, பதிலும் வரா. பேணில கொஞ்சம் நீக்கல் இரிந்தா, டவருக்குக் கிட்ட எண்டா, சிலநேரம் போகும். வட்டை ஓரம் எண்டா, அங்க சிக்னல் ரெண்டு கோடுதான் மிஸி."

"அலை வராட்டியும் சத்தம் வரும் எண்டு நினைச்சிட்டன்டா." இதை அக்கா மெதுவாகச் சொன்னாளாம். அவள் மெதுவாகச் சொன்னது அதுதான் முதல்தரமாக இருக்கும்.

கூட்டத்தில் நின்ற ஒரு கிழவர், "அப்ப பேணி நல்லதுதானே, அலை வெளியால வராதே" என்றார்.

"எங்க வாப்பா நல்லது? போன் டவரைக் காணல்ல எண்டா சும்மா கிடக்காது. முழு மூச்சில தேடும். தோணிக்காரன் தூரத்தில போனா நாம தொண்டை கிழியக் கத்துறம், கிட்ட வந்தா மெல்லமாப் பேசுறம். போனும் அப்பிடித்தான். டவர் கிட்ட இரிந்தாத்தான் அது கொஞ்சமா விடும். டவர் வேணாம் எண்டு கல்லெறியிறாங்க. டவர் போனா போன் இன்னும் பலமாக் கத்தும். அடைச்சு வெச்சா பெற்றியும் இறங்கிப்போகும்."

அக்கா அவன் சட்டையைப் பிடிக்காத குறை. "அதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு ஒண்டுதான் தெரியோணும். கரு கலையுமா, கலையாதா?"

"மிஸி, என்ட பொண்டாட்டிக்கு இது நாலாவது. நான் டவருக்கு மேல ஏறினா, அன்டனாத் தட்டுக்கு முன்னால நிக்க முந்தி ஓஃப் பண்ணித்தான் வேலை செய்வன். அவடத்த சூடு பிடிக்கும். கீழ வந்தா ஒண்டுமில்ல. விளக்கைத் தலைக்கு மேல பிடிச்சுத் தூரத்துக்கு அடிச்ச மாதிரி, அது எட்டத்தான் போகுது. நான் மீட்டரால அளந்திரிக்கன். சூடு பிடிக்கத் தொடங்கிற அளவுக்கு அம்பதில ஒரு பங்குலதான் சட்டமே வரம்பு போட்டிரிக்கி. இஞ்ச அந்த வரம்பில நூறில ஒண்டு கூட வரல்ல. போனால கரு கலைஞ்சதா இதுவரைக்கும் ஒருத்தரும் காட்டல்ல. இன்னும் படிச்சிட்டுத்தான் இரிக்காங்க. பேச்சைச் சுருக்கு, வயித்தில வெச்சுக்கொண்டு படுக்காத. அவ்வளவுதான்."

"பிரஷரால கலையும்" என்றாள் அக்கா. "பிரஷரால சாவும் வரும். அது எனக்குத் தெரியும்."

இதையெல்லாம் அங்கத்தைய நேரம் பன்னிரண்டு மணிக்கு அவள் எனக்குச் சொன்னாள். பின்னால் வெடிச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் நான் போனைக் காதிலிருந்து எடுத்து எடுத்து வைத்தேன்.

"கேளுடா. மணி அடிக்காட்டி சுகம் எண்டு நான்தான் சொல்லி வச்சிரிக்கன். அவள் இப்ப தலையிடியோட படுத்திரிந்தாலும், மிஸி அடிக்கல்ல, எனக்கு ஒண்டுமில்ல எண்டு படுத்திரிப்பாள். விளங்குதா?"

"விளங்குதக்கா."

"ரதீஸுக்குச் சொல்லிட்டன். மோட்டார் சைக்கிள்ல வெளிக்கிட்டிட்டான். அம்பாறையில இருந்து வர ரெண்டு மணித்தியாலம், வழியில எத்தனை இடத்தில இறக்குவாங்களோ தெரியா. ஆம்புலன்ஸ் துறைக்கு இஞ்சால நிக்குது. என்ட போனில ஒரு கோடுதான் சார்ஜ். நான் அந்த ஆமிக்காரனோட கதைக்கப் போறன். அவள்ட நம்பரை எழுது. நீ அங்க இருந்து அடிச்சுக்கொண்டே இரு. எப்பவாவது மூடியைத் திறப்பாள். ரதீஸ் மத்தியானத்தில பேசுவான், அதுக்கெண்டு எடுத்துப் பாப்பாள்."

"நான்தானக்கா தகரம் எண்டு சொன்னன்."

"நீ சொன்னாய், நான் செய்தன். அழுகிறதுக்கு இப்ப நேரமில்ல. எழுது."

எழுதினேன். காஸ் பில்லின் பின்பக்கத்தில்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு புது இலக்கத்திலிருந்து அழைப்பு. பஸ்லான். அண்ணன் முறைவைத்து "நானா" என்றான். "மிஸி தோணியில ஏறிட்டாங்க. அந்தச் சிங்களப் பொடியன் முதல்ல மாட்டன் எண்டான். மிஸி பிரஷர் மெஷினைத் தூக்கிக் காட்டி, சிங்களத்தில நாலே நாலு சொல்லுச் சொன்னாங்க. 'அம்மா, தருவா, மரெனவா, யன்ன' எண்டு, தாய், புள்ளை, சாகுது, போகணும் எண்டு. அவன் தானே வந்து தோணியைத் தள்ளிவிட்டான். அவங்கட போன் ஓஃப் ஆகிட்டு."

"அக்கரைக்குப் போக எவ்வளவு நேரம்?"

"காத்து எதிரா இரிக்கி நானா. இப்பதான் கரையை விட்டாங்க, அரை மணிக்கு மேல பிடிக்கும். இறங்கியும் ஒரு கட்டை தூரம் நடக்கணும்."

அப்போதிருந்து அடிக்கிறேன். கை சும்மா இருந்தால் பயம் கூடுகிறது என்பதால், வலக் கையால் இதை எழுதிக்கொண்டு இடக் கையால் அடிக்கிறேன். முதலில் சிங்களம், பிறகு தமிழ், பிறகு ஆங்கிலம். தொடர்புகொள்ள முடியாது. 2004இல் கடல் வந்தபிறகு மூன்று நாள் அக்காவைத் தேடிக் கிழக்குக் கரை இலக்கங்களுக்கு அடித்தபோதும் இதே மரியாதையான குரல்தான். வைத்துவிட்டுத் திரும்ப அடிக்கிறேன். பேணி மூடியிருக்கிறதா, பெற்றி இறங்கிவிட்டதா, இந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே பதில்தான் படிக்கிறாள். தெருவில் நம் ஆட்கள் கோஷத்தோடு போகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். முப்பத்தொரு தடவை.

முப்பத்திரண்டாவது தடவை அந்தப் பெண் வரவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு மணி அடித்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். அங்கே ஒன்று ஐந்து. அக்கா இன்னும் போய்ச் சேர்ந்திருக்கமாட்டாள். கணக்குப் பார்த்தேன், சேர்ந்திருக்க முடியாது. நிருஷாதான் திறந்திருப்பாள். மத்தியானத்துக்கு ரதீஸின் குரலைக் கேட்கத் திறந்திருப்பாள். அல்லது தலையிடி தாங்காமல் அக்காவுக்கு எடுக்கத் திறந்து, அக்காவின் போன் செத்திருப்பதைக் கண்டு...

பத்துத் தடவை மணி அடித்து, தானாக அறுந்தது. திரும்ப அடித்தேன். மறுபடியும் மணி.

பதில் பேசவேண்டாம் என்று அக்கா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். சத்தம் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வா என்று சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அவள் இப்போது வரம்பில் நடந்துகொண்டிருக்கிறாள், போன் முருங்கையில் தொங்கிக்கொண்டு தனியே அடிக்கிறது. அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் நடக்கிறவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போகமாட்டாளா? பயம் என்றால் எடுக்கமாட்டாள். தெரியாத வெளிநாட்டு இலக்கம் என்றால் பார்த்துவிட்டு விட்டிருப்பாள். மூடியைத் திறந்த கையோடு முற்றத்தில் விழுந்து கிடக்கிறாள் என்றாலும் இப்படித்தான் அடிக்கும்.

எடு பிள்ளை. வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது, ஒருதரம் எடு.

ஆறாவது மணி. ஏழாவது.